யார் குடை? யார் நிழல்?

பனியன் நகரம் திருப்பூர். வெட்டுவோர், தைப்போர், சாயமேற்றுவோர், மடித்துப் பெட்டியில் அடுக்குவோர் என்று இரவு பகல் அறியாது உழைப்போரின் ஊர். அங்கே ஒரு சந்தில், வாடகைக் கூடம் ஒன்றில், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரவுப் பாடசாலை நடத்தும் இளைஞர் நால்வர் நம்மைத் தேடி வந்தனர். கரும்பலகை உண்டு, பாய் உண்டு, படிக்கத் துடிக்கும் பிள்ளைகள் உண்டு. இல்லாதது ஒன்றே — சட்டம் ஏற்கும் ஒரு பெயர்!

நன்கொடை தர ஒருவர் முன்வந்தாராம். காசோலையை யார் பெயரில் எழுதுவது? பதிவு இல்லை. வங்கிக் கணக்கு இல்லை. வரிவிலக்குச் சான்று இல்லை. சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும் என்கிறது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. இவர்களோ நால்வர். எழுவரைத் திரட்டினாலும் ஆண்டுதோறும் பொதுக்குழு, தணிக்கை, படிவம், கட்டணம்! பாடம் நடத்துவதா, படிவம் நிரப்புவதா?

"பெரிய நிறுவனம் ஒன்று, பணத்தைத் தன் பெயரில் வாங்கி, கணக்கும் தானே எழுதி, எங்களை நடத்தச் சொல்கிறது. போகலாமா?" என்றனர்.

போகலாம் என்று சொல்வது எளிது. போகாதீர் என்று முழங்குவது அதனினும் எளிது! நாம் வரலாற்று ஏட்டைப் புரட்டினோம்.

பெயருள்ள அமைப்பு பெயரற்ற சிறு குழுவுக்குத் தன் பெயரையும் கணக்கையும் இரவலாகத் தருவதை, அமெரிக்காவில் ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப் என்பர். 1976இல் சான்பிரான்சிஸ்கோவில் தோன்றிய டைட்ஸ் என்னும் அமைப்பு இதனையே தன் பெரும்பணியாகக் கொண்டது. கணக்கர், வழக்கறிஞர், அலுவலகம் எல்லாம் பலருக்கும் பொது; செலவுக்கென வரும் நிதியில் ஒரு பங்கு பிடித்துக்கொள்ளப்படும். கேட்பதற்குப் புதுமை. ஆனால் தமிழகத்துக்குப் பழையது. 1925ஆம் ஆண்டை நினைவூட்டும் இரு நிகழ்ச்சிகள் உண்டு. ஒன்று நெல்லைச் சீமையில், மற்றொன்று இதே திருப்பூரில்.

முதலாவதைத் தோழர்கள் அறிவர். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம். தேசியக் கல்வி என்று பறைசாற்றினார்கள். பார்ப்பனரல்லாத வணிகரும் கடல் கடந்த தமிழரும் வாரி வழங்கினர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் ஒதுக்கி, முதற்கண் 5,000 தந்தது. பணம் எல்லோருடையது, பந்தி மட்டும் இரண்டு! பார்ப்பனச் சிறுவர் தனியே உண்ண ஏற்பாடு. செயலாளராக இருந்த பெரியார் மிச்சத்தைத் தர மறுத்தார். அவர் அறியாமல் இணைச் செயலாளரிடம் சென்று அந்தக் காசோலையையும் பெற்றுவிட்டார் ஐயர். கவனியுங்கள்: காசோலையில் ஒருவர் கையெழுத்தே போதுமானதாக இருந்தது, உடன் பணியாற்றுவோரின் மறுப்பு ஒரு பொருட்டாகவே இல்லை. 1925 ஏப்ரலில் கமிட்டி கூடி, பிறப்பால் வேற்றுமை காட்டுதல் கூடாது என்று தீர்மானித்தது. அதைக் கொண்டுவந்தவர் எஸ். இராமநாதன். பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராகத் திகழ்ந்தவர். அந்நாளில் கதர்ப்பணியில் ஊறியவர்.

கதர் என்றதும் திருப்பூர் வந்துவிடுகிறது. அதே 1925 செப்டம்பரில், பாட்னாவில், அகில இந்திய நூற்போர் சங்கம் பிறந்தது. சர்க்கா சங்கம் என்று மக்கள் வழங்கியது அதுவே. காங்கிரசின் கதர் நிதியும் உடைமையும் அதன் கைக்கு மாறின. அதன் விதியைப் படித்தால் வியப்புத் தோன்றும்: காங்கிரசின் அங்கமாம்; ஆயினும் தனி இருப்பும் தனி அதிகாரமும் உடையதாம்! குடைக்குள்ளே இன்னொரு குடை. தமிழ்நாட்டுக் கிளையின் தலைமையிடம் திருப்பூர். பஞ்சு கொடுத்தல், நூல் வாங்குதல், நெய்யத் தருதல், சாயமேற்றி விற்றல் எல்லாம் அதன் பணி. தனியே கதர் உற்பத்தி செய்வோருக்கும் அதுவே சான்று வழங்கிற்று. சிற்றூர்க் குழுக்கள் தாமே செய்துகொள்ள முடியாதவற்றை ஓர் அலுவலகம் அனைவர்க்கும் செய்து தந்தது. இதனை நாம் மறைக்கமாட்டோம். மாற்றார் செய்ததாயினும் நல்ல ஏற்பாடு நல்ல ஏற்பாடே. தோளில் கதர் மூட்டை சுமந்து ஊரூராய் விற்ற பெரியார், அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் காங்கிரசை விட்டு வெளியேறினார். அவர் வெறுத்தது நூலையன்று, பூணூலை!

அந்தக் குடை சட்டத்தின் மழைக்கும் தாங்கியது. சங்கத்தின் வருவாய்க்கு வரி கேட்டது வருமான வரித்துறை. பம்பாய் உயர்நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. ஏழையர் துயர் துடைப்பது அறம். பொதுப் பயன் விளைப்பது அறம். காங்கிரசோடு உறவிருப்பதாலேயே அது அரசியல் ஆகிவிடாது என்று 1944இல் தீர்ப்பு வந்தது. தொண்டு நிறுவனங்களின் வரிவழக்குகளில் பிற்காலத்தும் எடுத்துக்காட்டப்பெறும் தீர்ப்பு அது. இராட்டை சுற்றியோர் பெற்றுத்தந்த உரிமை என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அவர்களுக்கு அங்கே இருக்கை இருந்ததா? நூற்றோர் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். சங்கம் பெயர் குறித்து அமைத்த முதல் நிர்வாகக் குழுவைப் பாருங்கள்: காந்தியார், சௌகத் அலி, இராசேந்திர பிரசாத், ஜம்னாலால் பஜாஜ், சங்கர்லால் பாங்கர், நேரு முதலானோர். மேன்மக்கள்தாம். எனினும் கூலிக்கு நூற்ற பெண் ஒருத்தி இல்லை! உறுப்பினராக வேண்டுமெனில், திங்களுக்கு 1,000 கெசம் நூல் சந்தாவாகத் தரவேண்டும் என்பது முதல் வகுப்பாருக்கான விதி. வயிற்றுக்கு நூற்பவள் சந்தாவுக்கு எப்போது நூற்பாள்? அவள் கூலி வாழ்க்கைக்குப் போதுமானதாக இருத்தல் வேண்டும் என்ற தீர்மானம் வர 1935 ஆயிற்று. பத்தாண்டு!

இயக்கத்தாரும் இந்தப் பாடத்தைக் கற்றனர். பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் 1952இல் பதிவு பெற்றது. அதன் பெயரால் கல்விக்கூடங்களும் இல்லங்களும் பின்னர் நடந்தன.

இனி இன்றைய நிலை. பனியன் வாங்கும் அயல்நாட்டிலிருந்து வரும் அறப்பணத்தைப் பதிவு பெற்ற பெரிய அமைப்பு, அதேபோல் பதிவு பெற்ற சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து தர 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் இடம் தந்திருந்தது. 2020 செப்டம்பரில் திருத்தினார்கள். பகிர்தல் கூடாது என்றார்கள். நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பணம் முதலில் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் வந்திறங்க வேண்டும். திருப்பூர்ச் சந்துக்குத் தில்லி வழி! 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றது.

இதன் விளைவு யாது? பெரிய நிறுவனம் அப்பணத்தைத் தானே செலவிடலாம், பிறர்க்குத் தரலாகாது. ஆகவே பாடசாலை அந்நிறுவனத்தின் கிளையாதல் வேண்டும். பலகையில் பெயர் மாறும். நால்வரும் ஊழியர் ஆவர். என்ன கற்பிப்பது, விழாவுக்கு யாரை அழைப்பது, ஏன், வகுப்புத் தொடக்கத்தில் சாமி கும்பிடுவதா வேண்டாவா என்பது வரை கணக்கெழுதுவோர் முடிவு செய்ய வழி பிறக்கும். உள்ளூர்க் காசோலைக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ஒரே கணக்கில் இரண்டும் கலந்தால் பிரித்தறிவது யார்?

இவற்றையெல்லாம் நால்வரிடமும் சொன்னோம். அவர்கள் உணர்ச்சிவயப்படவில்லை. தாள் ஒன்றில் எழுதினர்: உள்ளூர் நன்கொடைக்குத் தனி ஏடு, அதனைத் திங்கள்தோறும் கூடத்துச் சுவரில் ஒட்டுதல், எடுத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு என்பதை முன்னரே எழுதித் தருதல், இருவர் கையெழுத்தின்றிக் காசோலை இல்லை, பிரிய விரும்பினால் பாயும் பலகையும் மிச்சப் பணமும் பாடசாலைக்கே. கடைசியில் ஒருவர், "செக்கிங் வேலை பார்க்கும் தாய்மாரில் ஒருவருக்குக் குழுவில் இடம்" என்று சேர்த்தார்.

நிறுவனத்தார் ஏட்டுக்கும் கையெழுத்துக்கும் ஒப்பினர். தாய்க்கு இடம் தருவது பற்றி ஆலோசித்துச் சொல்வதாகக் கூறியுள்ளனர். விடை வரவில்லை. காசோலை இன்னும் எழுதப்படவில்லை. இரவு எட்டு மணிக்குப் பாய் விரிக்கிறார்கள்.