பாக்தாதின் புத்தகக் கடைத்தெரு

அப்பாசியர் காலத்துப் பாக்தாதில் நூல்களைப் படியெடுப்போரும் தாள் விற்போரும் தொழில் நடத்திய அங்காடி. அரபியில் சூக் அல்-வர்ராகீன். அக்கால அறிவு வாழ்வைப் பேசுவோர் அரண்மனை நூலகமான ‘ஞான இல்லத்தை’யே முதலில் சொல்வார்கள். ஆனால் நகரத்தாரின் அன்றாட வாசிப்புக்குத் தீனி போட்டது இந்தத் தெருதான்.

கலீஃபா அல்-மன்சூர் 762இல் நகரை நிறுவியபோது எழுதுவதற்குப் பெரிதும் பதப்படுத்திய தோலும் பாப்பிரசும்தான் இருந்தன. அந்நூற்றாண்டு முடிவதற்குள், கந்தைத் துணியைக் கூழாக்கிக் காய்ச்சும் தாள் வந்துவிட்டது. தோலில் எழுதியதைச் சுரண்டி மாற்றிவிடலாம். தாளில் மை ஊறிவிடுவதால் திருத்தினால் காட்டிக்கொடுத்துவிடும். அரசுக் கணக்கர்களுக்கு அதுவே பிடித்துப்போயிற்று. விலையும் குறைய, புத்தகம் வணிகப் பொருளாயிற்று. 9ஆம் நூற்றாண்டில் எழுதிய யஅகூபி இங்கே 100க்கு மேற்பட்ட புத்தகக் கடைகள் இருந்ததாகக் குறிக்கிறார். பஸ்ராவைச் சேர்ந்த எழுத்தாளர் ஜாஹிழ், இத்தகைய கடைகளை இரவில் வாடகைக்கு எடுத்து, உள்ளேயே தங்கிப் படித்தாராம்.

நூல் வெளியாகும் முறையும் தனி. ஆசிரியர் பள்ளிவாசலில் அமர்ந்து சொல்லச் சொல்ல, வர்ராக்குகள் எனப்பட்ட படியெடுப்போர் எழுதுவார்கள். எழுதியதை அவர் முன்னிலையிலேயே படித்துக் காட்டி, பிழை நீக்கி, ‘இஜாஸா’ என்னும் அனுமதி பெறுவார்கள். கூலிக்குப் படியெடுத்தவர்களில் அறிஞர்களும் உண்டு. கிறித்தவத் தத்துவ அறிஞர் யஹ்யா இப்னு அதீ, ஒரு பகலும் இரவுமாக 100 தாள் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டவர். அறிஞர் தபரியின் பெரிய குர்ஆன் விரிவுரையை இருமுறை படியெடுத்தவர். எழுத்தாளர் அபூ ஹய்யான் அத்-தவ்ஹீதிக்கோ இப்பிழைப்பு கசந்தது. முதுமையில் தம் நூல்களைத் தாமே எரித்தார்.

இத்தெருவின் பெரும் பேறு இப்னு அந்-நதீம். வர்ராக்கான இவர் 987-88 அளவில் தொகுத்த ‘ஃபிஹ்ரிஸ்த்’, 10 இயல்களில் இலக்கணம் முதல் ரசவாதம் வரை அரபியில் கிடைத்த நூல்களைப் பட்டியலிடுகிறது. ‘ஆயிரத்தொரு இரவுக’ளின் பாரசீக முன்னோடியான ‘ஹஸார் அஃப்ஸான்’ பற்றிச் சொல்லும்போது, முழுதும் பார்த்திருக்கிறேன், சுவையற்ற நூல் என்று முகம் சுளிக்கிறார். கடைக்காரரின் கறாரான தீர்ப்பு! அவர் குறித்தவற்றில் பெரும்பகுதி இன்று பெயரளவில்தான் மிஞ்சியிருக்கிறது.

1258இல் ஹுலாகுவின் மங்கோலியப் படை நகரைச் சூறையாடியது. நூல்களின் மையால் டைகிரிஸ் கறுத்தது என்ற கதை பிற்கால மிகைக்கூற்றாகவே தோன்றுகிறது. மறுபுறம், ஹுலாகுவுடன் இருந்த வானியலாளர் நஸீருத்தீன் தூஸி ஏராளமான நூல்களை ஈரானின் மராகா வானாய்வகத்துக்குக் கொண்டுசென்றார்.