விண்மீன் கூட்டத்தில் அடையாளம் கண்ட வரலாறு

பல இலட்சம் விண்மீன்கள் பந்துபோல் திரண்டு நிற்கும் கூட்டங்களைக் கோளக் கொத்துகள் என்பர். நமது பால்வழியில் அத்தகையவை ஏறத்தாழ 150 உள்ளன. அவற்றினுள்ளே மங்கலாக எக்ஸ்-கதிர் உமிழும் பொருள்கள் யாவை என்று அறிஞர்கள் தேர்ந்து தெளிந்த வரலாற்றை, அன்பர்கள் முன் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

விண்ணிலிருந்து வரும் எக்ஸ்-கதிர் நம் காற்று மண்டலத்தைக் கடந்து தரையை எட்டுவதில்லை. ஆதலின் கருவிகளை வானுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடற்கரைக்கு அப்பாலிருந்து ஏவப்பெற்ற 'உஹுரு' துணைக்கோளும் அதன் பின் வந்தவையும், சில கொத்துகளில் ஒளிமிக்க எக்ஸ்-கதிர் மூலங்களைக் கண்டன. கொத்துகளில் இவை அளவுக்கு மீறி மலிந்திருப்பதை 1975-இல் கிளார்க் என்பார் எடுத்துக்காட்டினார். நெருக்கத்தின் காரணமாக ஒரு நியூட்ரான் விண்மீன் வேறொரு விண்மீனைத் துணையாகப் பற்றிக்கொள்கிறது; துணையின் பொருள் அதன்மீது வீழ்ந்து வெப்பமுற்று எக்ஸ்-கதிரை உமிழ்கிறது.

1978-இல் ஏவப்பெற்ற 'ஐன்ஸ்டைன்' ஆய்வுக்கலம் மங்கலான மூலங்களையும் காட்டிற்று. 1983-இல் ஹெர்ட்ஸ், கிரிண்ட்லே இருவரும், இவை துணையின் பொருளைக் கவரும் வெண்குறு விண்மீன்களாகலாம் என்றனர். ஒளி கூடியவை ஓய்ந்திருக்கும் நியூட்ரான் விண்மீன்களே என்றனர் வேறு சிலர். வழக்கைத் தீர்ப்பது எங்ஙனம்? கருவி சுட்டிய சிறு இடத்திலேயே விண்மீன்கள் பல நெருங்கி நின்றன. பெயர்ச்சீட்டு இழந்த பார்சல்கள் குவிந்த கிடங்கில் உரிய மூட்டையைத் தேடும் இடர்ப்பாட்டை, இருப்புப்பாதை அலுவலில் உள்ள நாம் நன்கறிவோம்.

1999 ஜூலை 23 அன்று விண்ணேறிய 'சந்திரா' தொலைநோக்கி இவ்விடரைக் களைந்தது. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால், அதில் ஒரு கூறினும் நுண்ணிதாக அது இடம் சுட்டியது. '47 டுகானே' என்னும் கொத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மூலங்கள் கண்டறியப்பட்டமை 2001-இல் வெளியாயிற்று. வானொலி அலையால் இடம் திட்டமாகத் தெரிந்திருந்த துடிவிண்மீன்களோடு சிலவற்றைப் பொருத்தினர். ஹபிள் தொலைநோக்கியின் படங்களில் நீலநிறம் மிகுந்த விண்மீன்களோடு வேறு சிலவற்றைப் பொருத்தினர். இரு கட்சியாரும் கூறியவை ஆங்கே இருந்தன. அவற்றோடு துடிவிண்மீன்களும், கிளர்ச்சிமிக்க இரட்டை விண்மீன்களும் இருந்தன. விண்மீன்கள் நெருங்கிச் சந்திக்கும் வாய்ப்பு மிகுந்த கொத்துகளில் மூலங்களும் மிகுதி என்பதை 2003-இல் பூலியும் உடனாய்வாளரும் நிறுவினர்.

அக்கருவி தாங்கும் பெயர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. அவர் 1910-இல் லாகூரில் பிறந்தார். தந்தையார் ஆங்கு வடமேற்கு ரயில்வேயில் கணக்குத் தணிக்கை அலுவலர். பிழைப்பின் பொருட்டு வடபுலம் போந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வெண்குறு விண்மீனின் நிறைக்கு எல்லை வகுத்த அப்பெருமகனாரின் பெயரால் அமைந்த கருவியே, அவ்வகை விண்மீன்களைக் கொத்துகளில் இனங்காண வழிசெய்தது. வேற்றூரில் வாழும் நம் மக்களுக்கு இதைச் சொல்லி வைப்பது நம் கடனாகும்.