வாழைப்பழ ரொட்டி: வரலாறும் வீட்டுச் செய்முறையில் வந்த மாற்றங்களும்

வாழைப்பழ ரொட்டி என்பது நன்கு கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, மாவு, சர்க்கரை, கொழுப்பு, முட்டை, சமையல் சோடா ஆகியவற்றுடன் கலந்து அவனில் சுட்டு எடுக்கும் உணவாகும். பெயரில் ரொட்டி என்று இருந்தாலும் பக்குவத்தில் இது கேக்கை ஒத்தது. ஈஸ்ட் சேர்த்து மாவைப் புளிக்க வைக்கும் வேலை இதில் இல்லை. அமெரிக்காவில் 1930களில் வீட்டுச் சமையலாகப் பரவிய இவ்வுணவு, இன்று உலகின் பல நாடுகளில் செய்யப்படுகிறது.

தற்காலத்தில் 'ஆரோக்கியமான' என்ற அடைமொழியுடன் இதற்குப் பல செய்முறைகள் வழங்குகின்றன. ஒன்றில் சர்க்கரைக்குப் பதில் வெல்லம், மற்றொன்றில் தேன், இன்னொன்றில் மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு அல்லது ஓட்ஸ். இவற்றுள் எது உண்மையான மாற்றம், எது வெறும் பெயர் மாற்றம் என்பதை அறிய இவ்வுணவின் வரலாறு உதவும். எதைச் சேர்த்தோம் என்பதைவிட எதைக் குறைத்தோம் என்பதே முக்கியம் என்பது அவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

வாழை அமெரிக்காவை அடைந்தது

வாழையின் தாயகம் தென்கிழக்கு ஆசியாவும் நியூகினித் தீவும் ஆகும். பப்புவா நியூகினியின் கூக் சதுப்பு நிலத்தில் சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிடப்பட்டதற்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. இந்தியர்களுக்கு மிகப் பழமையான இப்பழம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அமெரிக்க மக்களுக்கு அரிய பொருளாகவே இருந்தது.

1870இல் லோரென்சோ டௌ பேக்கர் என்ற கப்பல் தலைவர் ஜமைக்காவிலிருந்து 160 வாழைத்தார்களை ஏற்றிச்சென்று ஜெர்சி சிட்டி துறைமுகத்தில் விற்றார். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் வாழைப்பழம் தகரத்தாளில் சுற்றி, ஒன்று 10 சென்ட் என்று விற்கப்பட்டது. 1885இல் பாஸ்டன் பழ நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுவும், மத்திய அமெரிக்காவில் இருப்புப்பாதை அமைத்த மைனர் கீத்தின் வாழை வணிகமும் 1899இல் இணைந்து யுனைடெட் ஃபுரூட் நிறுவனம் உருவாயிற்று. குளிரூட்டிய கப்பல்களும் இருப்புப்பாதைகளும் சேர்ந்ததால், ஒரு தலைமுறைக்குள் வாழைப்பழம் ஏழைகளும் வாங்கக்கூடிய பழமாயிற்று.

இந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்கள் வேறு நாட்டினர். 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியேனகா நகரில், வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்கள் மீது இராணுவம் துப்பாக்கிச்சூடு நடத்தியது. அவர்கள் யுனைடெட் ஃபுரூட் நிறுவனத்தின் தோட்டங்களில் உழைத்தவர்கள். அமெரிக்க வீட்டு அடுக்களையில் வாழைப்பழ ரொட்டி தோன்றிய காலமும் இதை ஒட்டியதே.

சோடாவின் வருகை

ரொட்டி உப்புவதற்கு அதனுள் வாயு உண்டாக வேண்டும். பழங்காலத்தில் அந்த வேலையை ஈஸ்ட் செய்தது. அதற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். மேலும், பிசைந்த பழத்தின் ஈரமும் கனமும் சேர்ந்த மாவில் ஈஸ்ட் கொண்டு மென்மையான பதம் பெறுவது எளிதன்று. ஆகவே வாழைப்பழ ரொட்டி பிறக்க, பழம் மட்டும் போதவில்லை, சோடாவும் தேவைப்பட்டது.

1796இல் அமேலியா சிம்மன்ஸ் எழுதிய அமெரிக்கச் சமையல் நூலில் மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாசியம் கார்பனேட் பயன்படுத்தப்பட்டுள்ளது. 1843இல் இங்கிலாந்தின் ஆல்பிரட் பேர்ட், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காக ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். 1846இல் ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் அமெரிக்காவில் சமையல் சோடா விற்பனையைத் தொடங்கினர். 1856இல் ஹார்வர்டு பேராசிரியர் ஈபன் ஹார்ஸ்ஃபோர்டு பேக்கிங் பவுடருக்கான அமிலப்பொருள் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

இதன் அறிவியல் எளிது. சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அது அமிலத்துடன் சேரும்போது கார்பன் டை ஆக்சைடு வாயு வெளிப்படுகிறது. வாழைப்பழத்தில் மெல்லிய அமிலத்தன்மை உண்டு. தயிர் அல்லது மோர் சேர்த்தால் வினை இன்னும் நன்றாக நடக்கும். அமிலம் போதாமல் சோடா மிகுந்துவிட்டால் ரொட்டியில் சோப்பு போன்ற சுவை தங்கிவிடும்.

பொருளாதார நெருக்கடியும் கனிந்த பழமும்

1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார நெருக்கடியில் அமெரிக்கக் குடும்பங்கள் எந்த உணவையும் வீணாக்க இயலாத நிலைக்கு வந்தன. தோல் கறுத்த வாழைப்பழத்தையும் எறியாமல் பயன்படுத்தும் வழியாக வாழைப்பழ ரொட்டி அமைந்தது. மாவு நிறுவனங்களும் பழ நிறுவனங்களும் செய்முறைப் புத்தகங்கள் வெளியிட்டு இதை ஊக்குவித்தன. 1933இல் பில்ஸ்பரி மாவு நிறுவனம் வெளியிட்ட 'சமச்சீர் செய்முறைகள்' என்று பொருள்படும் தலைப்புடைய நூலில் வாழைப்பழ ரொட்டி இடம்பெற்றது. தலைப்பிலேயே உடல்நலப் பேச்சு இருப்பதைக் கவனிக்கலாம். யுனைடெட் ஃபுரூட் நிறுவனம் 1944இல் 'சிக்கிட்டா' என்ற விளம்பரப் பாத்திரத்தை அறிமுகம் செய்தது. பழுப்புப் புள்ளி விழுந்த பழமே சுவையானது என்பது அந்த விளம்பரப் பாடல் மக்களுக்குச் சொன்ன செய்திகளில் ஒன்று.

கனிந்த பழத்தில் ஏன் இனிப்பு மிகுதி? பச்சை வாழைக்காயின் சதையில் 20 விழுக்காட்டுக்கும் மேல் மாவுச்சத்து இருக்கும். பழம் முற்றக் கனியும்போது அதில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறி, 1 அல்லது 2 விழுக்காடு மாவுச்சத்தே எஞ்சும். மாணவர்கள் இதைத் தாங்களே சோதிக்கலாம். வாழைக்காய்த் துண்டின் மீது ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டால் கருநீலமாக மாறும்; நன்கு கனிந்த பழத்துண்டில் அந்த நிறம் மிகக் குறைவாகவே தோன்றும்.

இங்கு ஒரு முரண் உள்ளது. பழம் தானே இனிப்பைத் தரும் நிலையிலும், பரவலாகிவிட்ட செய்முறை ஒரு கோப்பை சர்க்கரையைச் சேர்க்கச் சொல்கிறது. சிக்கனத்துக்காகப் பிறந்த உணவு காலப்போக்கில் இனிப்புக் கேக்காக மாறிவிட்டது.

வாழைப்பழ மருத்துவம்: ஒரு பிழையின் கதை

வாழைப்பழத்துக்கு 'மருந்து' என்ற புகழ் கிடைத்ததற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. சீலியாக் நோய் கண்ட குழந்தைகள் உணவு செரிக்காமல் மெலிந்து, பலர் இறந்தனர். 1924இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ், வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவுமுறையால் அத்தகைய குழந்தைகள் தேறியதாக அறிவித்தார். வாழைப்பழமே நோயைத் தீர்க்கிறது என்று பலரும் நம்பினர்.

உண்மைக் காரணம் வேறு. ஹாஸின் உணவுமுறை ரொட்டியையும் தானியங்களையும் விலக்கியிருந்தது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமையே நோய்க்குக் காரணம் என்று ஐயுற்று ஆராய்ந்தவர். 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி கிடைக்காதபோது நோயுற்ற குழந்தைகள் தேறினர். பின்னர் ரொட்டி மீண்டும் வந்தபோது நோயும் திரும்பியது. டிக்கே தம் முடிவுகளை 1950இல் ஆய்வேடாக வெளியிட்டார். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதமே இந்நோயாளிகளுக்கு ஆகாதது என்பது பிறகு தெளிவாயிற்று.

அக்குழந்தைகளைக் காத்தது சேர்த்த பழமன்று, நீக்கிய கோதுமை. பழத்தின் புகழால் நோய் தீர்ந்துவிட்டதாக நம்பி, குழந்தைக்கு மீண்டும் கோதுமை கொடுத்த பெற்றோருக்கு அந்தப் பிழை பெருந்துன்பத்தைத் தந்தது. சீலியாக் நோயாளிகளுக்கு இன்றும் கோதுமையில் செய்த வாழைப்பழ ரொட்டி ஆகாது.

மாறிய பகைவர்கள்

1911இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த கிரிஸ்கோ முதலிய வனஸ்பதி வகைக் கொழுப்புகள், வெண்ணெயைவிட மலிவானவை என்பதால் அடுமனைப் பண்டங்களில் பெருமளவில் புகுந்தன. இவற்றில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பது பல பத்தாண்டுகள் கழித்தே உறுதிப்பட்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் இவற்றை விலக்க ஆணையிட்டது. இந்தியாவில் 2022 சனவரி முதல் கொழுப்புகளிலும் எண்ணெய்களிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு நடைமுறையில் உள்ளது.

1970களில் அமெரிக்க இளைஞரிடையே இயற்கை உணவு இயக்கம் பரவியது. முழுக்கோதுமை மாவும் தேனும் வீட்டு ரொட்டிகளில் இடம்பெற்றன. 1977இல் அமெரிக்க செனட்டின் குழு ஒன்று கொழுப்பையும் சர்க்கரையையும் குறைக்குமாறு பரிந்துரைத்தது. மக்கள் மனத்தில் கொழுப்பு மட்டுமே பகையாகப் பதிந்தது. எண்ணெய்க்குப் பதில் ஆப்பிள் கூழ் சேர்த்த ரொட்டிகள் வந்தன. சர்க்கரை அப்படியே இருந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம், தனியே சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழ் குறைப்பது மேலும் நன்று என்றும் வழிகாட்டியது. பெரியவர் ஒருவருக்கு அந்த 5 விழுக்காடு என்பது சுமார் 25 கிராம். தேனும் பழச்சாறும்கூட இக்கணக்கில் சேரும்.

வீட்டில் செய்யும்போது

வழக்கமான செய்முறையில் மூன்று பழம், 250 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 115 கிராம் வெண்ணெய், இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி சோடா ஆகியவை உண்டு. அதைப் பத்துத் துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் 20 கிராம் சர்க்கரை இருக்கும்.

முதல் மாற்றம் சர்க்கரையில் வேண்டும். தோல் நன்றாகக் கறுத்த பழமாக எடுத்துக்கொண்டால் 60 கிராம் சர்க்கரையே போதும். ஒரு துண்டுக்கு 6 கிராம்தான் சேரும். மூன்று பழத்தின் சதை 300 கிராம் என்றால் அதிலேயே ஏறத்தாழ 36 கிராம் சர்க்கரை உள்ளது. ஆனால் சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள் என்பதால், குறைத்துச் செய்த ரொட்டி விரைவில் கெடும். இரண்டாம் நாளே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது மாற்றம் மாவில். 100 கிராம் முழுக்கோதுமை மாவில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து உண்டு. மைதாவில் சுமார் 3 கிராம். கோதுமை மாவு அதிக ஈரத்தை உறிஞ்சும். எனவே இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் கூடுதலாக விட வேண்டும். மாவைச் சேர்த்தபின் அடித்துக் கலக்கக்கூடாது. குளூட்டன் இறுகி ரொட்டி ரப்பர் போலாகும்.

மூன்றாவது கொழுப்பு. வெண்ணெய்க்குப் பதில் 60 மில்லி சமையல் எண்ணெயும் 60 கிராம் தயிரும் சேர்க்கலாம். தயிரின் புளிப்பு சோடாவுக்கும் துணை செய்யும். 175 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 50 முதல் 60 நிமிடம் வேகவைத்து, குச்சியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். அவன் இல்லாதவர்கள் குக்கரின் அடியில் உப்புப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் போடாமல், தண்ணீரும் விடாமல், குறைந்த தீயில் வேகவைக்கலாம்.

வெல்லத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. சிறிதளவு தாதுப்பொருள்கள் இருப்பதால் அது நீரிழிவு நோயாளிக்கு ஏற்றதாகிவிடாது. இனிப்பு எதுவுமே சேர்க்காமல் செய்தாலும், மாவும் பழமும் சேர்ந்து ஒரு துண்டில் 20 கிராமுக்கும் மேல் மாவுப்பொருள் இருக்கும். 'சர்க்கரை இல்லாதது' என்று சொல்லி நீரிழிவு உள்ள பெரியவருக்கு நான்கு துண்டு கொடுப்பது நன்மையாகாது. ஒரு துண்டு கொடுத்து, அதற்கேற்ப அந்த வேளையின் சோற்றையோ இட்லியையோ குறைப்பதே முறை.

தமிழ்நாட்டுத் தொடர்பு

உலகில் மிகுதியாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் திருச்சிராப்பள்ளியில் இயங்குகிறது. கனிந்த பழத்தைப் பிசைந்து பக்குவம் செய்வது தமிழருக்குப் புதிதன்று. விருப்பாச்சி மலை வாழைப்பழத்தில் வெல்லமும் தேனும் நெய்யும் சேர்த்துச் செய்யும் பழநிப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பிரசாதமாக உள்ளங்கையில் சிறிதளவு பெற்றுக்கொள்கிறோம். அந்த அளவே அதன் காப்பு.

உலக ஏற்றுமதிச் சந்தையில் 20ஆம் நூற்றாண்டின் நடுவரை ஆட்சி செய்த குரோ மிஷேல் வகை, பனாமா வாடல் நோயால் வீழ்ந்து, அதன் இடத்துக்குக் கேவண்டிஷ் வந்தது. அதாவது, 1933ஆம் ஆண்டின் ரொட்டியில் இருந்த பழம் இன்று கடையில் கிடைக்கும் பழமன்று. நம்மிடம் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, நாட்டுப்பழம் எனப் பல வகைகள் இன்னும் உள்ளன. சீப்பில் கறுத்துப்போன இரண்டு மூன்று பழத்தை எறியாமல் பயன்படுத்துவதே இவ்வுணவின் தொடக்க நோக்கம். அந்தப் பழத்தின் இனிப்பை நம்பிச் சர்க்கரையைக் குறைத்தால், சிக்கனமும் உடல்நலமும் ஒன்றாகவே அமையும்.