சென்கிளயர் நீர்வீழ்ச்சி: எங்கள் ஆற்றின் மேல்முனையைப் படம் பிடித்தல்

திருகோணமலை மாவட்டத்தில் பெரிய நீர்வீழ்ச்சி எதுவும் இல்லை. ஆனால் மலையகத்தில் விழும் நீரின் ஒரு பகுதி எங்கள் கடலுக்குத்தான் வருகிறது. தலவாக்கலைக்கு அருகே கொத்மலை ஓயாவில் உள்ளது சென்கிளயர் நீர்வீழ்ச்சி. உயரம் 80 மீற்றர். கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது.

இந்த நீரின் பெறுமதி எங்களுக்குத் தெரியும். மலையகத்தின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரையான காலம் திருகோணமலையில் வறட்சிக் காலம். அந்த நாட்களில் வெருகல், மூதூர்ப் பக்கத்துச் சிறுபோக வயல்களுக்கு ஆற்றுநீரே கதி. மகாவலியின் கிளையான வெருகலாற்று நீரைப் பகிரும் மாவிலாறு அணைக்கதவு 2006 ஜூலையில் மூடப்பட்டதையடுத்துப் போர் மீண்டும் மூண்டது. மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் இடம்பெயர்ந்தார்கள்.

மேலே, சென்கிளயரின் நீரும் இன்று இயல்பாக விழுவதில்லை. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவோற் மேல்கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணைக்கட்டு, நீர்வீழ்ச்சிக்கு மேலே தலவாக்கலையில் இருக்கிறது. ஆற்றுநீர் சுரங்க வழியாக மின்நிலையத்துக்குச் செல்கிறது. நீர்வீழ்ச்சி வற்றாதிருக்க, பகல் வேளையில் 10 மணி 45 நிமிட நேரம், நாளொன்றுக்கு 47,250 கனமீற்றர் நீர் விடுவதாக உறுதியளிக்கப்பட்டது. இது செக்கனுக்கு ஏறத்தாழ 1.2 கனமீற்றர்.

ஆகவே இங்கே அழகான படம் மட்டும் போதாது என்பது என் கருத்து. முக்காலியில் கமராவை வைத்து அரைச் செக்கன், ஒரு செக்கன் என ஷட்டரைத் திறந்து வைத்தால் நீர் பட்டுத்துணிபோல் வரும். ஆனால் மெல்லிய நீரோட்டத்தையும் அது தடித்ததாகக் காட்டிவிடும். உள்ளது உள்ளபடி தெரிய, 1/500 செக்கனிலும் ஒரு படம் எடுங்கள். வெயில் சுள்ளென்று அடித்தால் வெண்ணுரை வெளிறிப்போகும். மேகமூட்டமான நாளே நல்லது. சாரல் படும் இடத்தில் லென்ஸைத் துடைக்கத் துணி கையில் இருக்கட்டும்.

ஹற்றன்–நுவரெலியா வீதியோரத்திலிருந்து நீர்வீழ்ச்சி முழுதாகத் தெரியும். சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகளை வெட்டிவிடாதீர்கள். அங்கே உழைப்பவர்களும் எங்கள் மொழி பேசுபவர்களே. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வடக்கு, கிழக்கில் குடியேறிய குடும்பங்கள் பல.

ஒரே இடத்தில் நின்று, மழைக்காலத்திலும் வறட்சியிலும் எடுத்து, திகதியும் நேரமும் குறித்து வையுங்கள். அதே மாதத்தில் மூதூர்க் கழிமுகத்தையும் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், மேலே என்ன விழுந்தது, கீழே என்ன வந்தது என்று கேட்க எங்கள் விவசாயிகளின் கையில் ஒரு சான்று இருக்கும்.