பேர்லின் நிறுவனமும் திருநர் மருத்துவமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மருத்துவம் சமூக உறவுகளுக்குப் புறம்பாக வளர்வதில்லை. 1918 நவம்பர்ப் புரட்சி ஜேர்மன் முடியாட்சியை வீழ்த்தியதன் பின்னரே, 1919 ஜூலையில் மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் பேர்லினில் பாலியல் அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். திருநருக்கு உளநல ஆலோசனையும் சத்திரசிகிச்சையும் அங்குக் கிடைத்தன. வேறிடங்களில் வேலை மறுக்கப்பட்ட திருநங்கையர் சிலர் அங்கேயே வீட்டுப்பணியாளராயினர். நோய்தீர்த்தலும் பிழைப்பும் ஒருங்கிணைந்தவை என்பதற்கு இது சான்றாகும்.

1933 மே 6 இல் நாஸி மாணவர் நிறுவனத்தைச் சூறையாடினர். மே 10 இல் அதன் நூல்கள் எரியூட்டப்பட்டன. அறிவியற் குறைபாட்டினால் அது அழியவில்லை. அதனைத் தாங்கிய சனநாயக, இடதுசாரிச் சக்திகள் பிளவுண்டு தோற்றமையாலேயே அழிந்தது. உலக சுகாதார நிறுவனம் திருநர் நிலையை உளநோய்ப் பட்டியலினின்று நீக்கிய திருத்தத்தை 2019 இலேயே ஏற்றது. திருநர் சிகிச்சையை மருத்துவரின் உள்விவகாரமாக மட்டும் கருதுவோர் இவ்வரலாற்றை மனங்கொள்ளல் வேண்டும்.