கிட்டப்பார்வையும் பெற்றோரின் குற்ற உணர்வும்: பெங்களூரை முன்வைத்து

மின்டோ பிரபுவின் பெயரால் வழங்கும் பெங்களூர்க் கண் மருத்துவமனை 1896இல் தொடங்கப்பட்டு 1913இல் இப்போதைய கட்டடத்துக்குப் பெயர்ந்த காலத்தில், கிட்டப்பார்வையைப் பள்ளிக்கூடம் உண்டாக்கும் கேடாகவே மருத்துவ உலகம் பெரிதும் கருதியது. விழிக்கோளம் முன்பின்னாக நீண்டுவிடுவதால், தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரையை எட்டும் முன்னரே குவிந்து, காட்சி மங்கும் நிலையே கிட்டப்பார்வையாகும். ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் கோன் 10,060 மாணவரின் கண்களைச் சோதித்து 1867இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பு உயர உயர இக்குறை மிகுவதைக் காட்டி, மங்கிய வெளிச்சத்தின் மீதும் பொருந்தாத மேசைகளின் மீதும் பழியைச் சுமத்தினார்.

இருபதாம் நூற்றாண்டில் பரம்பரையே காரணம் என்ற கருத்து ஓங்கியதும், பழி பள்ளியை விட்டுப் பெற்றோரின் இரத்தத்துக்கு மாறியது. பிறகு, சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன மரபினரான 6, 7 வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வு, சிட்னியில் 3.3 விழுக்காட்டினருக்கும் சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை இருப்பதைக் கண்டது. சிட்னிக் குழந்தைகளே மிகுதியான புத்தகங்களைப் படித்தவர்கள். ஆனால் அவர்கள் வெளியில் கழித்த நேரமும் பல மடங்கு மிகுதி. இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை (1940), எச்.எம்.டி. (1953), பாரத் எலக்ட்ரானிக்ஸ் (1954) போன்ற நிறுவனங்களின் மாதச் சம்பளத்தை நம்பி, பிள்ளைகளின் படிப்பையே முழு முதலாகக் கொண்டு வளர்ந்த பெங்களூர்க் குடும்பங்களுக்கு, மாறிமாறி வந்த இவ்விடைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையில் வலிப்பவை.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற அச்சமும் இவற்றுடன் சேர்ந்துகொண்டது. பவரைக் குறைத்துக் கொடுத்தால் கண் கெடாது என்று மருத்துவர் சிலரே நம்பியிருக்க, மலேசியாவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு, குறைந்த பவர் அணிந்த குழந்தைகளுக்கே குறை விரைவாக வளர்ந்ததைக் காட்டியது. அச்சத்தால் கண்ணாடியைத் தள்ளிப்போட்ட பெற்றோர் அன்பினாலேயே அவ்வாறு செய்தனர். ஆயினும் கரும்பலகை தெரியாமல் வகுப்பில் வாய் திறவாதிருந்தது குழந்தைதான். கண்ணாடி அணிந்த பின்னும் ‘சோடாபுட்டி’ என்ற கேலி காத்திருந்தது. பிரிட்டனில் ஏவன் பகுதிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, கண்ணாடியோ கண்மறைப்போ அணிந்தவர்கள் துன்புறுத்தலுக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு கூடுதல் என 2005இல் தெரிவித்தது.

மனநலத்துக்கென நாட்டின் முதன்மையான நிறுவனம் இதே நகரில்தான் இருக்கிறது. 1925இல் மனநல மருத்துவமனை என்று பெயர் மாறிய பழைய மனநோயாளர் காப்பகமும், 1954இல் உருவான அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்து, உறவினரின் அச்சத்தையும் சிகிச்சைக்குரியதாக எண்ணிய மரபு அங்கே வேரூன்றியது. அம்மரபு கண் மருத்துவத்தில் போதிய அளவு கலக்காதது பெரும் இழப்பு. ஏனெனில் பெற்றோர் தம்மைத் தாமே நொந்துகொள்வதைக் கேட்கும் குழந்தை, குறை தன்னுடையது என்று மட்டுமல்ல, துயரமும் தன்னால்தான் என்று எடுத்துக்கொள்ளும்.

இன்றைய குழப்பம் பெற்றோரின் அறியாமையால் விளைந்ததன்று. கண்மணியை விரிக்கும் அட்ரோபின் மருந்தின் 0.01 விழுக்காட்டுச் சொட்டுக்கு 2012இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு நம்பிக்கை தந்தது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வோ அதே அளவில் மருந்தில்லாச் சொட்டைவிடக் கூடுதல் பயனைக் காணவில்லை. சொட்டு மருந்தைப் பற்றிய கருத்து இவ்வாறு ஊசலாடினும், முழுப் பவர்க் கண்ணாடியையும் பகல் வெளிச்சத்தில் விளையாட்டையும் மருத்துவர் தயங்காமல் பரிந்துரைக்கலாம். அவற்றைக் கைக்கொள்ள எந்தத் தாயும் தந்தையும் கடந்த காலத்துக்காகத் தம்மைக் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.