தாவர வகைப்பாட்டியல் இலக்கியம்

தாவர வகைப்பாட்டியல் இலக்கியம் என்பது தாவரங்களை இனங்காணவும், விவரிக்கவும், பெயரிடவும், வகைப்படுத்தவும் பயன்படும் நூல்கள், ஆய்விதழ்கள், பெயர் அட்டவணைகள் ஆகியவற்றின் தொகுதி ஆகும். பிற அறிவியல் துறைகள் பலவற்றில் பழைய நூல்களுக்கு வரலாற்று மதிப்பே எஞ்சுகிறது. இத்துறையில் பொதுவாக முந்தி வெளியான பெயருக்கே முன்னுரிமை என்னும் விதி இருப்பதால், பழைய நூல்களும் தொடர்ந்து பயன்படுகின்றன. இவ்விலக்கியத்தின் ஒவ்வொரு வகையும் வேறொரு வினாவுக்கு விடை தருகிறது. கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தை அடுத்துள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் சுரபுன்னை மரங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

முதல் விவரணம்

ஒரு பெயர் முதன்முதலாக வெளியிடப்பட்ட பகுதி முதல் விவரணம் எனப்படும். கலன் தாவரங்களுக்கு லின்னேயசு 1753இல் வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' என்னும் நூலே தொடக்கம் ஆகும். புதிய இனத்தை விவரிப்பவர் 1958 முதல் வகைமாதிரி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 1935 முதல் 2011 வரை இலத்தீன் விவரணம் கட்டாயமாக இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம்; விதிகளுக்கு உட்பட்ட மின்வெளியீடும் ஏற்கப்படுகிறது. பிச்சாவரத்தில் காணப்படும் ரைசோஃபோரா அப்பிக்குலேட்டா என்னும் பெயரை 1827இல் சாவகத் தாவரங்கள் பற்றிய நூலில் புளூம் வெளியிட்டார்.

வட்டாரத் தாவரநூல்

ஒரு நிலப்பரப்பில் வளரும் தாவரங்களை விவரிக்கும் நூல் புளோரா அல்லது வட்டாரத் தாவரநூல் எனப்படும். இனங்காணும் திறவுகோல், பரவல், பூக்கும் காலம் போன்றவை இதில் இடம்பெறும். தமிழகத்திற்குப் பயன்படுவனவற்றுள் முதன்மையானவை:

* ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவரநூல், 7 தொகுதிகள் (1872–1897)
* கேம்பிள் தொடங்கி, அவர் 1925இல் மறைந்தபின் ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரநூல் (1915–1936)
* திருச்சிராப்பள்ளி ராபினட் உலர்தாவரகத்தின் கே. எம். மேத்யூ எழுதிய தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரநூல் (முதல் தொகுதி 1981)
* இந்தியத் தாவரவியல் ஆய்வகம் வெளியிட்ட தமிழ்நாட்டுத் தாவரநூல், 3 தொகுதிகள் (1983–1989)

தனிவரைநூலும் மீளாய்வும்

ஒரு பேரினத்தை அல்லது குடும்பத்தை உலகளவில் முழுமையாக ஆராய்வது தனிவரைநூல். குறிப்பிட்ட பகுதி அளவிலோ சில சிக்கல்களை மட்டுமோ ஆராய்வது மீளாய்வு. சுரபுன்னைப் பேரினத்தைப் பற்றி டிங் ஹௌ எழுதிய மீளாய்வு 1960இல் நெதர்லாந்தின் 'புளூமியா' இதழில் வெளிவந்தது.

ஆய்விதழ்கள்

நூல்கள் அச்சேறிய பின் கண்டறியப்படுபவை முதலில் ஆய்விதழ்களிலேயே வெளியாகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் க. கதிரேசன் 1995இல் பிச்சாவரத்திலிருந்து ரைசோஃபோரா அண்ணாமலயானா என்னும் புதிய இனத்தை விவரித்தார். அது ரைசோஃபோரா அப்பிக்குலேட்டா, ரைசோஃபோரா முக்ரோனேட்டா ஆகியவற்றின் இயற்கைக் கலப்பினம் என்பதை 1997இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. 1999இல் கதிரேசன் அதனைக் கலப்பினமாக வெளியிட்டார்.

பெயர் அட்டவணைகள்

ஒரு பெயர் எங்கு, எப்போது வெளியானது என்பதை அட்டவணைகள் காட்டும். சார்லஸ் டார்வினின் நிதியுதவியால் உருவான 'கியூ அட்டவணை' 1893–1895இல் வெளிவந்தது. அதன் தரவுகள் 1999இல் இணையத்திற்கு வந்த பன்னாட்டுத் தாவரப் பெயர் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஏற்கப்பட்ட பெயர்களையும் இணைப்பெயர்களையும் அறிய, 2017இல் கியூ தாவரவியல் பூங்கா தொடங்கிய 'உலகத் தாவரங்கள்' இணையதளம் உதவுகிறது.

பயன்பாடும் வரம்பும்

1995க்கு முந்தைய தாவரநூல்களில் அண்ணாமலயானா இல்லை. ஒரு காம்பில் இரு பூக்களும் மயிரற்ற அல்லிகளும் உடையது அப்பிக்குலேட்டா. கிளைத்த மஞ்சரியும் மயிருடைய அல்லிகளும் உடையது முக்ரோனேட்டா. கலப்பினத்தின் பண்புகள் இவற்றுக்கு இடைப்பட்டவை. ஆகவே பழைய திறவுகோலை மட்டும் நம்புபவர் அதனைப் பெற்றோர் இனங்களுள் ஒன்றாகவே பதிவு செய்ய நேரிடும். அக்காட்டின் இனப்பட்டியலும் பிழையாகிவிடும். மேலும், ஹூக்கரின் நூலில் அப்பிக்குலேட்டா, ரைசோஃபோரா கான்ஜுகேட்டா என்னும் பெயரில் உள்ளது. இணைப்பெயர்களை அறியாதவர் ஒரே மரத்தை இரண்டாகக் கணக்கிடக்கூடும். எனவே தாவரநூலில் இனங்கண்டு, மீளாய்விலும் ஆய்விதழ்களிலும் ஒப்பிட்டு, பெயரை அட்டவணையில் சரிபார்த்து, ஐயமிருப்பின் முதல் விவரணத்தையும் வகைமாதிரியையும் காண்பதே ஏற்ற முறையாகும்.